தராசுக்கும் சம்பளச் சீட்டுக்கும் நடுவே யார்?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் விவேகக் கருவிகள் என்னும் பொருளில் நடைபெற்ற தொலைக்காட்சி அரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் தொழில்நுட்பம் படித்தவர்கள். நான் தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, ஒலிவாங்கியைக் கையில் பிடித்துப் பிழைப்பவள். "இவருக்கும் விவேகக் கருவிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிறர் பேசுவதைக் கேட்பது என் தொழில். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்திற்குப் படப்பிடிப்புக்குப் போனபோது காதில் விழுந்த ஒரே ஒரு பேச்சுதான் இன்று என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது.

அன்று நண்பகல் எடை நேரம். பச்சைக் கொழுந்து அடைத்த சாக்குகள் மண்சாலை ஓரத்தில் வரிசையாக இருந்தன. மேற்பார்வையாளர் கையில் ஒரு டேப்லட். பக்கத்தில் மின்னணுத் தராசு. தொழிலாளி தம் அட்டையைக் காட்டுகிறார், 'பீப்' என்று ஓர் ஒலி, சாக்கைத் தராசில் மாட்டுகிறார்கள், எடை பதிவாகிவிடுகிறது. எழுதும் வேலையே இல்லை. நான் அசந்துபோனேன்.

அந்த வரிசையில் ஐம்பதைத் தாண்டிய நம் தமிழ் அக்கா ஒருவர் நின்றிருந்தார். எடை போட்டு முடிந்ததும் இடுப்பில் செருகியிருந்த சின்ன 555 நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டார். இந்த நாட்டில் 555 புத்தகத்தைத் தெரியாதவர் யார்? மளிகைக் கடைக் கடன் கணக்கு முதல் சீட்டுக் கணக்கு வரை நம் பெற்றோர் எழுதி வைத்தது அதில்தானே!

"என்னக்கா, எல்லாம் கம்ப்யூட்டர்ல போகுதே, நீங்க எதுக்குத் தனியா எழுதுறீங்க?" என்று கேட்டேன்.

"தராசு சரியாத்தாம்மா இருக்கு. நானே பாக்குறேன்ல. ஆனா இங்கருந்து ஆபீசுக்குப் போற வழியில அந்தக் கணக்கு என்னா ஆவுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எங்கள் குழுவினர் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். மலை இறங்கித் தாப்பா வளைவுகளில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கருவிகளை நிறுவனத்தின் கணக்கு முறையோடு இணைப்பது பற்றி எந்தப் பொறியாளரும் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அந்த அக்கா கேட்டிருந்தார்.

பழைய வீட்டில் புதிய கம்பி

'பொருட்களின் இணையம்' என்ற பெயர் 1999-ஆம் ஆண்டில் கெவின் ஆஷ்டன் என்பவர் ஒரு விளக்கவுரைக்குச் சூட்டிய தலைப்பு. தராசு, வெப்பமானி, மின்விசிறி, லாரி என எதுவாக இருந்தாலும், தான் அளந்ததைத் தானே இணையம் வழி சொல்லும் கருவியாக ஆக்குவது. இதில் கருவியை வாங்குவது சுலபமான பகுதி. பணம் இருந்தால் நாளையே வந்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிர்வாகத்தில் அதைக் கொண்டுபோய்ப் பொருத்துவதில்தான் உயிர் போகிறது.

கேமரன் மலையைப் பாருங்கள். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தேயிலை 1933-இல் வந்தது. இந்தத் தொழிலுக்கு நூறு வயது நெருங்குகிறது. இப்படிப்பட்ட தொழிலில் கணக்கு முறை என்பது ஒரே பெட்டிக்குள் இருப்பதில்லை. காலைப் பெரட்டுக்கு ஒரு பதிவு, கொழுந்து எடைக்கு ஒரு பதிவு, ஆலைக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, சம்பளத்திற்கு ஒன்று, வரிக்கு ஒன்று. சில தாளில், சில கணினியில். ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆளால் உண்டாக்கப்பட்டது. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது.

ஆனால் கொழுந்து எல்லாவற்றின் ஊடாகவும் போகிறது. கிள்ளிய கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டுதல், சுருட்டுதல், காற்றில் நிறம் மாறவிடுதல், உலர்த்துதல், சலித்தல் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது ஈரம் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். சுமார் 5 கிலோ பச்சைக் கொழுந்து 1 கிலோ தேயிலையாகிறது. ஆகவே வயலில் ஏறிய எடையையும் ஆலையில் இறங்கிய தூளையும் ஒப்பிட்டால், நடுவில் எங்கே நட்டம் என்று கண்டுபிடிக்கலாம். இதுதான் இணைப்பின் உண்மையான பலன். தனியே ஒரு தராசு இதைச் சொல்லாது. தனியே ஓர் ஆலைக் கணினியும் சொல்லாது. இரண்டும் பேசிக்கொண்டால்தான் தெரியும்.

வாட்டும் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேல் கொழுந்தின் மீது காற்று ஓட வேண்டும். பனி மூட்டம் இறங்கிய இரவில் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது விசிறி ஓடினாலும் கொழுந்து வாடாது, மின் கட்டணம் மட்டும் ஏறும். ஈரப்பதத்தை அளக்கும் சிறு உணர்கருவி ஒன்று, "இப்போது சூடான காற்று தேவை" என்றோ "விசிறியை நிறுத்தலாம்" என்றோ சொல்லிவிடும்.

இதற்காகப் பழைய இயந்திரங்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மின்கம்பியின் மேல் கவ்விபோல் மாட்டும் மின்னோட்ட உணர்கருவி போதும். எந்த நேரத்தில் ஓடியது, எவ்வளவு மின்சாரம் இழுத்தது என்று பழைய இயந்திரமும் பேசத் தொடங்கிவிடும். ஆலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் என்ற முறை 1979-இல் வந்தது. இன்றும் உலகம் முழுதும் உழைக்கிறது. பழையது என்பதாலேயே ஒன்று உதவாதது ஆகிவிடாது. இதைத் தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை!

மீண்டும் வந்த கிராணி

சரி, மோட்பஸ் பேசும் பழைய இயந்திரமும் இணையம் பேசும் புதிய கணினியும் எப்படிச் சந்திக்கும்? நடுவே கேட்வே என்று ஒரு சிறு பெட்டியை வைக்கிறார்கள். இந்தப் பக்கத்து மொழியை வாங்கி அந்தப் பக்கத்து மொழியில் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் அது.

இந்த விளக்கத்தை ஒரு பொறியாளர் எனக்குச் சொன்னபோது, "அட, இது நம்ம கிராணி!" என்றுதான் எனக்குத் தோன்றியது.

பழைய தோட்டங்களில் துரைக்கு ஆங்கிலம், தொழிலாளிக்குத் தமிழ். இரண்டும் தெரிந்த கிராணியார் நடுவே இருப்பார். பெரட்டில் பெயர் கூப்பிடுவதும், எடையை எழுதுவதும், சம்பளக் கணக்கைப் போடுவதும் அவர் கை. நேர்மையான கிராணிகள் பலர் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் நடுவே நிற்பவர் சொல்வதைச் சரிபார்க்கத் துரைக்கும் வழியில்லை, தொழிலாளிக்கும் வழியில்லை. அதுதான் அந்தப் பதவியின் பலம்.

இன்றைக்கு அந்த நாற்காலியில் ஒரு பெட்டியும் ஒரு மென்பொருளும் உட்கார்ந்திருக்கின்றன. கொழுந்து கிள்ளுவோரில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனீசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். மொழி இன்னும் கூடுதலாகத்தான் பிரிந்திருக்கிறது. கிராணியிடமாவது, "ஐயா, நேத்து என் பேர்ல குறையுதே" என்று போய் நிற்கலாம். பெட்டியிடம் எந்த மொழியில் கேட்பது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து எடை ஏறும். அதற்காகவும், சாக்கின் எடைக்காகவும் கழிவு போடுவது தேயிலைத் தொழிலில் வழக்கம். முன்பு அது எல்லார் கண்முன்னும் நடந்தது. அதிகமாகக் கழித்தால் அங்கேயே வாக்குவாதம் கிளம்பும். இணைக்கப்பட்ட முறையில் கழிவு என்பது மென்பொருளுக்குள் ஒரு வரி. ஒரு தடவைக்கு அரை கிலோ அதிகமாகக் கழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 3 எடை, மாதம் 25 நாள் என்றால், ஓர் ஆளுக்கு 37.5 கிலோ போய்விடுகிறது. யாரும் திருடவில்லை. மென்பொருளை அமைத்தவர் யாரோ ஓர் எண்ணைப் போட்டுவிட்டு, மழைக்காலம் முடிந்த பிறகு மாற்ற மறந்துவிட்டார். அவ்வளவுதான்.

கிலோ என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இலங்கை மலையகம் சாட்சி. 2021-இல் அங்கே தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதோடு சண்டை ஓய்ந்ததா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கிள்ளினால் அந்தக் கூலி என்பதில் போய் நின்றது. நம் நாட்டில் 2025 முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது, செய்யும் அளவுக்குக் கூலி பெறுபவர்களுக்கும் பொருந்தும். எடைப் பதிவில் பிழை இருந்தால் அந்த எல்லையைத் தாண்டினாரா இல்லையா என்பதே தவறாகிவிடும்.

கணினி சொன்னால் சரியா?

"இயந்திரத்திற்கு விருப்பு வெறுப்பு இல்லை, அது பொய் சொல்லாது" என்பார்கள். இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே 1999-இல் அஞ்சல் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். சிற்றூர்களில் அஞ்சல் நிலையம் நடத்தியவர்களின் கணக்கில் திடீர் திடீரென்று பணம் குறைவதாக அது காட்டியது. "நாங்கள் எடுக்கவில்லை" என்று அவர்கள் கதறினார்கள். கணினி சரியாகத்தான் இருக்கும் என்று நிர்வாகமும் நம்பியது, நீதிமன்றமும் நம்பியது. 2015 வரை 900-க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களில் நம் இந்திய வம்சாவளியினரும் இருந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் வீட்டை இழந்தார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததையும், நிலையம் நடத்துபவருக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து கணக்கை மாற்ற முடியும் என்பதையும் 2019-இல்தான் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நாடகம் இந்தக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே ஆண்டு மே மாதம் தண்டனைகளை ரத்து செய்யத் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

தொலைக்காட்சிக்காரி என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. ஆனால் இருபது ஆண்டுகளாக அந்த மக்கள் கேட்டது நம் அக்கா கேட்ட அதே கேள்வியைத்தான். போகிற வழியில் அந்தக் கணக்கு என்ன ஆகிறது?

மலைக்கேற்ற இணைப்பு

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய கைப்பதிவிலும் அழித்து எழுதினார்கள். தவிரவும், காலம் நமக்காகக் காத்திருக்காது. இ-இன்வாய்ஸ் எனப்படும் மின்னியல் விலைப்பட்டியலை நம் வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்டு 1 முதல் பெரிய நிறுவனங்களில் ஆரம்பித்துக் கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கியது. விற்பனைக் கணக்கு கணினிக்குள் போய்விட்டால், கிடங்கும் ஆலையும் வயலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் வரத்தான் செய்யும்.

ஆகவே எப்படி இணைப்பது என்று யோசிப்போம். முதலில் மலையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சரிவில் கைத்தொலைபேசியில் நாலு கோடு காட்டும், அடுத்த வளைவில் ஒன்றுமே இருக்காது. அலைவரிசை இல்லாத இடத்தில் தராசு பதிவைத் தன்னுள்ளேயே நேரத்தோடு சேமித்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்ப வேண்டும். அனுப்பியதை ஒரு முறைதான் கணக்கில் ஏற்ற வேண்டும், இரண்டு முறை ஏறிவிடக் கூடாது. இதைக் கேட்காமல் கருவி வாங்குவது, கூரை இருக்கிறதா என்று பார்க்காமல் வீடு வாங்குவதுபோல.

அடுத்து, கருவியின் ஆயுள். நம் நாட்டில் 3ஜி சேவையை 2021 இறுதிக்குள் நிறுத்தினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு 3ஜி மட்டுமே பேசும் கருவியை வாங்கி மாட்டியவர் கதி என்ன? கருவி புதிதுபோல் இருக்கும், பேச மட்டும் ஆள் இருக்காது. ஆலை இயந்திரம் முப்பது ஆண்டு உழைக்கும், தொலைத்தொடர்புச் சேவை அவ்வளவு காலம் நிற்காது. ஆகவே உணர்கருவி வேறு, அதன் தொடர்புப் பாகம் வேறு என்று தனித்தனியே மாற்றக்கூடியதாக வாங்க வேண்டும்.

லோரா என்ற குறைமின்சார வானொலி முறை பல கிலோமீட்டர் எட்டும். சிறு பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடும். தோட்டங்களுக்குப் பொருத்தமானது. ஆனால் அதற்கு மலேசியாவில் ஒதுக்கப்பட்ட அலைவரிசை என்று ஒன்று உண்டு. ஐரோப்பாவுக்கோ இந்தியாவுக்கோ செய்த கருவியை மலிவு என்று இணையத்தில் வாங்கினால் அது வேறு அலைவரிசையில் பேசும். சிரிம் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. 2016-இல் மிராய் என்ற தீய நிரல், ஆலையிலிருந்து வந்தபடியே கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரிய இணையத் தளங்களை முடக்கியது. கருவி வந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆலைக் கருவிகளின் இணைப்பையும் சம்பளக் கணினியின் இணைப்பையும் தனித்தனியே வையுங்கள். வாசல் கேமரா வழியாக ஒருவர் உள்ளே வந்தால், அவர் சம்பள அறைக்குள் போய்விடக் கூடாது.

நான்கு வேண்டுகோள்

நிர்வாகத்தினருக்கு நான் வைக்கும் வேண்டுகோள் நான்கு.

ஒன்று: எடை போட்ட இடத்திலேயே தொழிலாளி கையில் ஒரு சீட்டு வர வேண்டும். கென்யாவில் லட்சக்கணக்கான சிறு தேயிலை விவசாயிகளிடம் கொழுந்து வாங்கும் நிலையங்களில் மின்னணுத் தராசு வைத்து ரசீது கொடுக்கிறார்கள். அங்கே முடிவது இங்கே முடியாதா? சீட்டில் மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றும் தனித்தனியே இருக்கட்டும். எண்களைப் படிக்க மொழி தேவையில்லை.

இரண்டு: பதிவான எடையை யாராவது திருத்தினால், பழைய எண் அழியக் கூடாது. யார், எப்போது, ஏன் திருத்தினார் என்பது கூடவே நிற்க வேண்டும். கழிவு அளவை மாற்றினாலும் அப்படியே. மாதச் சம்பளச் சீட்டில் தினசரி எடைகளும் வரட்டும்.

மூன்று: பெரட்டுக்குக் கைரேகை கேட்காதீர்கள். கொழுந்துக் கறையும் காய்ப்பும் ஏறிய விரலைக் கருவி பல நேரம் அடையாளம் காணாது. வேலைக்கு வந்தவர் வராதவராகிவிடுவார். தவிர, 2024-இல் திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய உடலடையாளத் தரவுகளைக் கூடுதல் பாதுகாப்புக்குரியவை என்கிறது. ஓர் அட்டை போதும்.

நான்கு: விற்பவரிடம் கையெழுத்துப் போடும் முன், "ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் பதிவுகள் எல்லாம் எங்களுக்கு எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும்?" என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் தோட்டம் உங்களுடையது, கிராணி மட்டும் வெளியூர்க்காரர் என்றாகிவிடும்.

கடைசியாக, புதிய முறையைத் தொடங்கும் மாதத்திலேயே பழைய புத்தகத்தை மூடிவிடாதீர்கள். மழை மாதம் ஒன்றும் வெயில் மாதம் ஒன்றுமாவது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். வித்தியாசம் வரும் நாட்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். பிழை எங்கே என்று அந்த நாட்கள் சொல்லிவிடும்.

அப்படிச் சரிபார்க்கப் பழைய புத்தகம் எங்கே என்று தேடுகிறீர்களா? அந்த அக்காவின் இடுப்பில் இருக்கிறது. எந்த ஆலோசகரும் கேட்காமல், எந்தக் கட்டணமும் வாங்காமல், நாள் தவறாமல் எழுதிய சோதனைக் கணக்கு அது. அதைக் கண்டு கோபப்படாமல், "அக்கா, ஒரு மாசத்துக்கு அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க, எங்க கணக்கோட ஒத்துப் பாக்குறோம்" என்று கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அவரிடம் காட்டுங்கள். ஒத்துப்போகாவிட்டால், அப்போதும் அவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை நான் படப்பிடிப்புக்கு மலை ஏறும்போது, அந்த 555 புத்தகத்தில் அவர் மளிகைக் கடைக் கணக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், இணைப்பு நன்றாக நடந்திருக்கிறது என்று நான் தெரிந்துகொள்வேன்.